மொறிஸ் மைனருக்கு எலெக்ட்ரிக் ஃபான் பூட்டலாமோ?

இணுவில்மைனர்:
வணக்கம். வீட்டில 1964 மொறிஸ் மைனர் நிக்குது, 1098 சிசி, அப்பாவின்ர கார். ஓடேக்க ஒரு பிரச்சினையும் இல்லை. கொக்குவில் ரெயில் கேற்றில மாட்டுப்பட்டால்தான் ரேடியேற்றர் தண்ணி கக்குது. பழைய ஆல்ட்டோ ஒண்டின்ர ஃபான் கையில கிடக்கு. ரேடியேற்றருக்கு முன்னுக்குப் பூட்டுறதோ பின்னுக்கோ? எஞ்சின் ஃபானைக் கழட்டலாமோ? கார் இன்னும் பொசிற்றிவ் எர்த், பற்றறியின்ர பிளஸ்தான் கார் பொடியோட தொடுத்துக் கிடக்கு.

கராஜ்பெடியன்:
பின்னுக்கு இடம் காணாது, முன்னுக்குத்தான். ஆனா மோட்டர் முன்னுக்கு வாறமாதிரித் திருப்பினால் காத்தும் முன்னுக்குத்தான் போகும். வயரை மாத்தி எதிர்ப்பக்கம் சுத்த வைக்கலாம். செட்டையின்ர வளைவு பிழைப் பக்கமாயிருக்கிறதால காத்துக் குறையும். முன்னுக்கிருந்து தள்ளுறதுக்கெண்டே செய்த ஃபான் வாங்குங்கோ.

பழையவயர்மன்:
தம்பி, ஃபானை ஒரு பக்கம் வையும். ரேடியேற்றருக்கு என்ன தண்ணி விடுறீர்? கிணத்துத் தண்ணியெண்டால் பாதி விடை அங்கதான் கிடக்கு. எங்கட நிலம் சுண்ணாம்புக்கல்லு. கேத்திலுக்குள்ள வெள்ளையாப் படியிறது ரேடியேற்றர் குழாய்க்குள்ளயும் படியும். எஞ்சினை நல்லாச் சூடாக்கி, நிப்பாட்டிப்போட்டு, கோருக்கு, அதான் ரேடியேற்றரின்ர நடுவில குழாய்கள் இருக்கிற பகுதிக்கு, கிட்டக் கையைக் கொண்டுபோய்ப் பாரும். மேலயிருந்து கீழ சூடு மெல்ல மெல்லக் குறையிறது சரி. திட்டுத் திட்டாக் குளிர்ந்து கிடந்தால் அடைப்பு. மூடியின்ர ரப்பரையும் பாரும்.

அடுத்தது கரண்ட். காருக்குக் கரண்ட் தாற லூகாஸ் டைனமோ புதுசா இருந்தாலே 22 அம்பியர்தான். ஹெட்லைற் ரெண்டும் ஏழெட்டுத் தின்னும், ஃபானும் அவ்வளவு தின்னும், இக்னிஷன், வைப்பர் வேற. பகலில சமாளிக்கும். ஆனா கேற்றில நிக்கேக்க டாஷ்போட்டில சிவப்பு லைற் மினுங்குதெல்லே? அந்த நேரம் டைனமோ ஒண்டும் தரேல்லை. உமக்கு ஃபான் தேவைப்படுறதும் அந்த நேரந்தான்! முழுக்கப் பற்றறியிலதான் சுத்தும். கேற் திறக்கக் கனநேரம் எடுக்குமெண்டால் எஞ்சினை நிப்பாட்டுறது மலிவு.

அப்பிடியும் பூட்டத்தான் போறீரெண்டால், 20 அம்பியர் ஃபியூசும் ரிலேயும் (சின்னக் கரண்டால பெரிய கரண்டைப் போட்டு நிப்பாட்டுற சுவிட்ச்) போடும். சூடானதும் ரேடியேற்றருக்குத் தண்ணி விடுற தேர்மோஸ்ராற் 82 பாகையில திறக்குமெண்டால் ஃபான் சுவிட்ச் 90க்கு மேல இருக்கவேணும், இல்லாட்டி ஃபான் நிக்கவே நிக்காது. உம்மட காரில ஃபானின்ர பிளஸ் வயர் பொடிக்குப் போகும், மைனஸ் ரிலேயால பற்றறிக்கு. டயோட் வைச்ச ரிலே வேண்டாம், டயோட் ஒரு பக்கம்தான் கரண்ட் விடும், உம்மட காரில பிளஸ் மைனஸ் மாறிக் கிடக்கு. எஞ்சின் ஃபான் அப்பிடியே நிக்கட்டும். அதைக் கழட்டினால் வாட்டர் பம்ப் கப்பியின்ர நாலு போல்ற்றும் நீளங்கூடிப்போம், கட்டையான போல்ற் தேடவேணும். கோருக்குள்ளால பிளாஸ்ரிக் ரை குத்திக் கட்டிற வேலை செய்யாதையும். அதிர்வில உரஞ்சி உரஞ்சிக் குழாய் ஓட்டையாகும். தகடு வளைச்சுப் பக்கச் சட்டத்தில பூட்டும்.

இணுவில்மைனர்:
அண்ணை, கிணத்துத் தண்ணிதான். வலப்பக்கக் கீழ்மூலை குளிராக் கிடக்கு. காரத்தண்ணி விட்டுக் கழுவலாமோ?

பழையவயர்மன்:
வேண்டாம், ஈய ஒட்டுகளைத் தின்னும். கழட்டித் தலைகீழாப் பிடிச்சு, கீழ் வாயால ஹோஸ் வைச்சு அடியும், தண்ணி தெளிவா வருமட்டும். பேந்து மழைத்தண்ணியில கூலன்ற் கலந்து விடும். மூலை அப்பவும் குளிர்ந்தால் கோர் மாத்தவேண்டியதுதான். ஆரும் அலுமினியத்தில புதுசு தாறம் எண்டால் கேளாதையும். உம்மட பித்தளைத் தாங்கியைத் திரும்பத் திரும்ப ஒட்டலாம்.