நெட்ஸில் இரண்டாம் நாளே டோ (அடிமுனை) விரிந்த கிரிக்கெட் பேட்: கடையில் உங்களுக்கு என்ன நடந்தது?

ஆஃப்சைடு (திருச்சி)

முடிந்துபோன விஷயம்தான். கடையோடு பேசித் தீர்த்தும் ஆயிற்று. ஆனாலும் மனதை விட்டுப் போகவில்லை, அதனால் எழுதுகிறேன்.

பையனுக்கு 14 வயது. செலக்‌ஷன் வருகிறது என்று இங்கிலீஷ் வில்லோ மரப் பேட் வாங்கினோம், 9,500 ரூபாய். நாக்கிங்குக்கு, அதாவது புதுப் பேட்டைத் தட்டிப் பதப்படுத்துவதற்கு, தனியாக 400. "மெஷின்ல அடிச்சே தர்றேன் சார், நாளைக்கே நெட்ஸ்ல இறங்கலாம்" என்றார் கடைக்காரர். இறங்கினான். இரண்டாம் நாள் டோவில் விரிசல், நகம் உள்ளே போகிற அளவுக்கு.

கடைக்காரர் பேட்டைக் கவிழ்த்து டோவைத் தடவினார். மூக்குப் பக்கம் கொண்டுபோய் எண்ணெய் வாடை இருக்கிறதா என்று முகர்ந்தார். அப்புறம் என்னை விட்டுவிட்டுப் பையனிடம் கேட்டார்: "தம்பி, யார்க்கர் (காலடியில் குத்தும் பந்து) பட்டுச்சா?"

"ஆமாங்க, ரெண்டு பந்து அடியில பட்டுச்சு."

"பாருங்க சார், தம்பியே சொல்லிட்டாரு. யார்க்கருக்கெல்லாம் கம்பெனி பொறுப்பு கிடையாது."

நான் பையனை முறைத்தேன். கடையில் இன்னும் நாலு பேர் நின்றிருந்தார்கள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். கேட்டதற்கு உண்மையைச் சொன்ன பிள்ளையை நான் முறைத்தேன். பேட்டை விட அதுதான் உறுத்துகிறது.

மூன்றாவது முறை போனபோது பேட் ரிப்பேர் செய்யும் பெரியவர் கடையின் பின்பக்கம் உட்கார்ந்திருந்தார். கடைக்காரரே பேட்டை அவரிடம் கொடுத்தார். பெரியவர் கட்டை விரல் நகத்தால் நடுவில் அழுத்தினார், தடம் விழவில்லை. அடியில் மூன்று விரல் அகலத்துக்கு அழுத்தினார், பிறை மாதிரித் தடம் விழுந்தது. "இங்க மெஷின் படவே இல்ல முதலாளி" என்றார். கடைக்காரர் கொஞ்ச நேரம் பேசவில்லை. 400 ரூபாயைத் திருப்பித் தந்தார். ரிப்பேருக்குக் காசு வாங்கவில்லை. காலுக்குக் கட்டும் பேடு வாங்கும்போது 2,000 ரூபாய் குறைத்துக்கொள்வதாகவும் சொன்னார். சரி என்று வந்துவிட்டேன்.

ஷட்டில்கோவை

எனக்கு ராக்கெட்டில் நடந்தது. கட்டிங் (நரம்பு கட்டுவது) போடக் கொடுத்தேன், இழுப்பு 24 பவுண்டு என்று சொல்லித்தான் கொடுத்தேன். மாலையில் வாங்கி வந்து பையோடு அலமாரியில் வைத்தேன். ராத்திரி பதினோரு மணி இருக்கும், அலமாரிக்குள்ளே 'டப்' என்று ஒரு சத்தம். பல்லி ஏதோ தள்ளிவிட்டது என்று நினைத்தேன். காலையில் திறந்தால் ஃப்ரேம் மேல்பக்கம் உடைந்து உள்ளே மடிந்திருக்கிறது. யாரும் தொடவில்லை, ஒரு ஷட்டில்கூட அடிக்கவில்லை.

"அக்கா, வீட்ல எங்கயாவது இடிச்சிருப்பீங்க" என்றான் கடைத் தம்பி. நான் கத்தவில்லை. "என் ராக்கெட்டுக்கு முன்னாடி யாருக்குக் கட்டிங் போட்டே?" என்று மட்டும் கேட்டேன். அகாடமிப் பையன் ஒருவனுக்கு, 29 பவுண்டு. எழுதி வைத்திருந்த நோட்டை அவனே திறந்து காட்டினான். என் பெயருக்கு நேராகப் பவுண்டு எழுதவே இல்லை. மெஷினில் 29 அப்படியே இருந்திருக்கிறது. என் ராக்கெட் கோனில் (கைப்பிடிக்கு மேலே உள்ள கூம்பில்) அதிகபட்சம் 26 என்று அச்சிட்டிருந்தது.

அவன் முகம் வெளுத்துவிட்டது. "ஓனர்கிட்ட சொல்லிடாதீங்கக்கா, சம்பளத்துல பிடிப்பாரு" என்றான். அங்கேதான் எனக்கு வாய் அடைத்துப் போனது. கடைசியில் ஓனரிடம் சொன்னேன். அவர் பாதி விலைக்கு வேறு ராக்கெட் தந்தார். அந்தத் தம்பியை அடுத்த மாதம் கடையில் காணவில்லை. வேறு வேலைக்குப் போயிருக்கலாம். கேட்க மனம் வரவில்லை.

பழையகடைப்பையன்

ஆஃப்சைடு சார், கோபப்படாதீர்கள். கல்லாவுக்கு அந்தப் பக்கம் ஆறு வருடம் நின்றவன் என்பதால் சொல்கிறேன். உங்கள் விஷயத்தில் கடை மீது தப்பு இருக்கிறது, நாக்கிங்குக்குக் காசு வாங்கிவிட்டு அடிக்காமல் விட்டது தப்பு. ஆனால் "யார்க்கர் பட்டுச்சா" என்று கேட்டது தந்திரம் இல்லை. நாங்கள் முதலில் கேட்பதே அதுதான். டோ விரிந்த பேட்டை, பேட் தயாராகும் மீரட்டுக்கோ ஜலந்தருக்கோ போட்டோ அனுப்பினால் கம்பெனிக்காரனும் அதையேதான் கேட்பான். ஹேண்டில் கழன்றால் மாற்றித் தருவான். டோவும் எட்ஜும் (பக்க விளிம்பும்) போனால் "மரம் சார், இயற்கை" என்று முடித்துவிடுவான். நஷ்டம் கடைக்காரன் தலையில்.

ஒரு தடவை ஒரு பையன் இங்கிலீஷ் வில்லோவைக் கொண்டுவந்து, ஸ்டிச் பாலில் (தையல் போட்ட தோல் பந்தில்) தான் ஆடினேன் என்று சத்தியம் செய்தான். எங்கள் முதலாளி ஈரத்துணியால் துடைத்தார். வட்ட வட்டமாகக் குழி. கார்க் பால் தடம், பேட்டைக் குழி விழ வைக்கிற கெட்டிப் பந்து. முதலாளி ஒன்றும் சொல்லாமல் பேட்டை அவன் அப்பா கையில் கொடுத்தார். அந்த அப்பா கடை வாசலிலேயே பையனை அறைந்தார். இன்றைக்கும் அந்தச் சத்தம் காதில் இருக்கிறது.

இனி வாங்குகிறவர்களுக்கு. மெஷின் நாக்கிங்கை நம்பி நேராக நெட்ஸுக்குப் போகாதீர்கள். பச்சை லின்சீட் (ஆளி விதை) ஆயில் வாங்குங்கள், காய்ச்சினது வேண்டாம். ஒரு டீஸ்பூன் அளவு எடுத்து முகம், எட்ஜ், டோ மூன்றிலும் துணியால் மெல்லத் தடவி ராத்திரி முழுக்கப் படுக்கை வசமாக வையுங்கள். ஹேண்டில் சேரும் வி வடிவ இடத்தில் எண்ணெய் படவே கூடாது, பசை விட்டுவிடும். மறுநாள் துடைத்து இன்னொரு தடவை. முகத்தில் ஸ்டிக்கர் ஷீட் ஒட்டி வந்தால் அந்த இடத்துக்கு எண்ணெய் வேண்டாம். அப்புறம் மர மேலட்டால் (மரச் சுத்தியலால்) தட்ட வேண்டும். முதலில் மெதுவாக, போகப் போகக் கொஞ்சம் பலமாக. மொத்தம் ஐந்தாறு மணி நேரம், ஒரே நாளில் வேண்டாம், தினம் அரை மணி. எட்ஜைச் சாய்த்து உருட்டின மாதிரித் தட்டுங்கள். டோவின் அடியை நேராகக் குத்தவே கூடாது. பிறகு பழைய பந்தை லேசாக அடித்துப் பாருங்கள், தையல் தடம் ஆழமாக விழுந்தால் இன்னும் தட்ட வேண்டும் என்று அர்த்தம். டோ கார்டு (அடிமுனைக் கவசம்) ஒட்டுங்கள், ஈரத் தரையில் ஊன்றி நிற்காதீர்கள், வெயிலில் கார் டிக்கியில் போட்டு வைக்காதீர்கள். பேட் வாங்கின அன்றே கடைக்காரர் எதிரிலேயே நகத்தால் அழுத்திப் பார்த்துவிடுங்கள்.

ஸ்ட்ரைக்கர்வடசென்னை

கேரம் போர்டு. வாங்கி ஒரு வாரத்தில் காயின் எல்லாம் நடுவுக்கே நகர ஆரம்பித்தது. எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு நல்ல ஆட்டம் வரும். மாடியில் மழை ஈரத்தில் வைத்திருப்பேன் என்று ஆளாளுக்கு என்னைத்தான் சொன்னார்கள்.

கடைக்காரர் வயதானவர். ஒரு வார்த்தை கேட்கவில்லை. மேசை இழுப்பறையிலிருந்து நூல் எடுத்தார், ஒரு முனையை என்னைப் பிடிக்கச் சொல்லி மூலைக்கு மூலை இழுத்துக் கட்டினார். குனிந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். நடுவில் நூலுக்கும் பலகைக்கும் இடையே ஒரு காயின் நுழைகிற சந்து. "என்கிட்ட வரும்போதே வளைஞ்சிருக்குப்பா, நான் பார்க்காம வித்துட்டேன்" என்றார். இன்னொரு போர்டை எடுத்து அதே நூலைக் கட்டிக் காட்டிய பிறகுதான் கொடுத்தார். பில்கூடக் கேட்கவில்லை. இப்போது அவர் இல்லை, கடையும் இல்லை.

மனுதாரர்

பழையகடைப்பையன் சொல்வதை அப்படியே ஏற்க முடியாது. கம்பெனி தராது, அதனால் நஷ்டம் கடைக்காரன் தலையில் என்றால், வாங்கினவன் தலையில் கட்டிவிடலாமா? நான் காசு கொடுத்தது கடைக்கு. மீரட்டில் யார் இருக்கிறார் என்று எனக்கு எப்படித் தெரியும்? ஆடும்போது உடைந்தது வேறு, விற்கும்போதே குறையோடு இருந்தது வேறு. பெரியவர் நகத்தால் அழுத்திக் காட்டியது இரண்டாவது வகை.

என் கதை சின்னது. கீப்பிங் கிளவுஸ், 1,800 ரூபாய், முதல் மேட்சிலேயே கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உள்ள வெப்பிங் தையல் பிரிந்தது. பில்லில் "விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது" என்று சீல். அந்த சீலைக் கடைக்காரர் விரலால் தட்டித் தட்டிக் காட்டினார். அந்த விரல்தான் இன்னும் நினைவில் நிற்கிறது. நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழைத்துப் புகார் எண் வாங்கி, அதை அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். இரண்டு நாளில் வேறு ஜோடி கொடுத்தார்.

அந்த சீலைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பதை நியாயமற்ற வணிக முறை என்றே அது சொல்கிறது. பில்லில் குறித்த கெடுவுக்குள், கெடு எதுவும் போடவில்லை என்றால் 30 நாளுக்குள் என்று கணக்கு. பில் தராமல் விற்பதும் அதே பட்டியலில் வருகிறது. அதனால் "பில் போட்டா ஜிஎஸ்டி சேரும்" என்றாலும் பில் வாங்கிவிடுங்கள். முதலில் எழுத்தில் கேளுங்கள், வாட்ஸ்அப் போதும், தேதி இருக்க வேண்டும். விரிசலை அளவுகோல் பக்கத்தில் வைத்துப் படம் எடுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் 1915. அதற்கும் மேலே மாவட்ட நுகர்வோர் ஆணையம். கடை வேறு ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், வக்கீல் கட்டாயம் இல்லை, 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குப் புகார்க் கட்டணமும் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். முக்கியமாக, புகார் முடியும் வரை பேட்டை ரிப்பேருக்குக் கொடுக்காதீர்கள். ஒட்டிவிட்டால் குறை எங்கே இருந்தது என்று காட்ட எதுவும் மிஞ்சாது.

ஷட்டில்கோவை

நீங்கள் சொல்வது சரிதான் சார். ஆனால் எங்கள் பக்கத்தில் கட்டிங் மெஷின் இருப்பதே அந்த ஒரு கடையில்தான். கேஸ் போட்டுவிட்டு அடுத்த வாரம் எங்கே போவேன்? அதோடு எனக்கு உறுத்துவது பணம் இல்லை, அந்த நோட்டை அவனே திறந்து காட்டினான் என்பதுதான்.

இன்னொன்று, யாருக்காவது பயன்படும். ஒரு நரம்பு அறுந்தால் மீதியை அப்படியே விட்டு வைக்காதீர்கள். நடுவிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் உடனே வெட்டிவிடுங்கள். ஒரு பக்கம் மட்டும் இழுத்துக்கொண்டே இருந்தால் ஃப்ரேம் கோணிவிடும்.

பழையகடைப்பையன்

மனுதாரர் சார், வாங்கினவர் தலையில் கட்டச் சொல்லவில்லை. கார்க் பாலில் ஆடிவிட்டு வருகிறவர்களால்தான் கடைக்காரன் எல்லோரையும் சந்தேகப்படுகிறான் என்கிறேன். ஆஃப்சைடு சார், ஒன்று கேட்க வேண்டும். பேட் இப்போது எப்படி இருக்கிறது?

ஆஃப்சைடு (திருச்சி)

பெரியவர் பசை ஏற்றி, டோவுக்கு மேலே நூல் சுற்றி, டேப் ஒட்டிக் கொடுத்தார். எடை கொஞ்சம் கூடியிருக்கிறது. நீங்கள் சொன்னபடியே தினமும் அரை மணி மேலட்டால் தட்டுகிறோம், ஒரு நாள் நான், ஒரு நாள் அவன். கீழ்வீட்டுக்காரர் சத்தம் தாங்கவில்லை என்றார், அதனால் மொட்டை மாடிக்குப் போய்விட்டோம்.

நேற்று தட்டிக்கொண்டிருக்கும்போது அவனிடம் சொன்னேன், அன்றைக்குக் கடையில் நீ சொன்னது சரிதான் என்று. "அப்புறம் ஏம்ப்பா முறைச்சீங்க?" என்று கேட்டான். மேலட்டை அவன் கையில் கொடுத்துவிட்டுப் பேட்டைப் பிடித்துக்கொண்டேன்.