பிராக்சிமா சென்டாரி இருக்க வேண்டிய இடம் காலியா இருக்கு, எங்கே தப்பு?

தென்கரை:
வணக்கம். மே 9, 2024, அமாவாசைக்கு மறுநாள் ராத்திரி பதினொன்றே முக்காலுக்கு கன்னியாகுமரி பக்கம் கடற்கரையில் எடுத்த படம். 6 அங்குல நியூட்டோனியன் (கண்ணாடித் தொலைநோக்கி), குவியத்தூரம் 750 மி.மீ., டிஎஸ்எல்ஆர், 30 நொடிப் படங்கள் 40-ஐ ஒண்ணுமேல ஒண்ணா சேர்த்து அடுக்கினது. ஆல்ஃபா சென்டாரியைப் பிடிச்சு அங்கிருந்து தென்மேற்கே 2 டிகிரி போனேன். 1976-ல் கண்ணாடித் தகட்டில் எடுத்த வானப் படத்தோடு சுத்தி இருக்கிற விண்மீன்கள் எல்லாம் அச்சாப் பொருந்துது. அதில் பிராக்சிமான்னு வட்டம் போட்ட இடத்தில் மட்டும் என் படத்தில் ஒண்ணுமே இல்லை. மூணு நாளா மண்டை காயுது. நம்ம பக்கத்து விண்மீனை ஒரு தடவையாவது என் கேமராவில் பார்த்துடணும்.

இரவுவிழி:
அங்கே அது உச்சிக்கு வரும்போதே 19 டிகிரி உயரம்தான். கடல் மேல் ஈரப்பதம் விழுங்கியிருக்கலாம் தம்பி. பிராக்சிமாவின் பொலிவெண் 11 (எண் கூடக் கூட மங்கல்).

தென்கரை:
அதைவிட மங்கலான மீன்களே விழுந்திருக்கு அண்ணே. இன்னொண்ணு, காலி இடத்துக்கு மேற்கே 150 பிக்சலுக்குக் கொஞ்சம் அதிகமா தள்ளி, பழைய படத்தில் இல்லாத ஒரு மீன் இருக்கு. சிறுகோளா இருக்குமோ?

பழையதகடு:
தம்பி, அதுதான் பிராக்சிமா! நிறம் பாருங்கள், ஆரஞ்சாக இருக்கும்.

மற்றவை அசையாததுபோல் தெரிவது அவை மிகத் தொலைவில் இருப்பதால். இது 4.24 ஒளியாண்டில் இருக்கிறது, ஆண்டுக்கு 3.85 விநாடிக்கோணம் (ஒரு டிகிரியில் 3600-ல் ஒரு பங்குதான் ஒரு விநாடிக்கோணம்) நகர்கிறது. 48 ஆண்டுக்குக் கணக்குப் போட்டால் 185 விநாடிக்கோணம், முழுநிலவின் அகலத்தில் பத்தில் ஒரு பங்கு. உங்கள் கேமராவில் ஒரு பிக்சல் 1.2 விநாடிக்கோணம் அளவில் வரும். வகுத்துப் பாருங்கள்.

1915-ல் ஜோகன்னஸ்பர்க்கில் ராபர்ட் இன்னஸ் இதைக் கண்டுபிடித்ததே இப்படித்தான். ஐந்தாண்டு இடைவெளியில் எடுத்த இரண்டு தகடுகளை மாற்றி மாற்றிப் பார்த்தபோது ஒரே ஒரு புள்ளி மட்டும் இடம் மாறியிருந்தது. நீங்கள் தப்பு என்று நினைத்தது அதே கண்டுபிடிப்பு.

தென்கரை:
154 பிக்சல் வருது அண்ணே! நிறமும் சரி, செங்கல் மாதிரி. கை நடுங்குது. இதைச் சுத்துற கோள் குறுக்கே போகும்போது ஒளி குறையுறதை இந்த கேமராவில் பிடிக்க முடியுமா?

மீன்விழியாள்:
அது முடியாதுப்பா. அந்தக் கோள், பிராக்சிமா பி, விண்மீனுக்குக் குறுக்கே போவதாக இதுவரை யாருக்கும் தெரியவரவில்லை. 2016-ல் சிலியின் லா சில்லாவில், ஹார்ப்ஸ் நிறமாலைக் கருவியால், கோள் இழுப்பதால் விண்மீனுக்கு வரும் தள்ளாட்டத்தை அளந்துதான் கண்டார்கள். அந்தத் தள்ளாட்டம் நொடிக்கு ஒன்றரை மீட்டருக்கும் குறைவு, நாம் நடக்கிற வேகம்! கோளுக்கு ஓராண்டு 11.2 நாள். விண்மீனிலிருந்து ஏறத்தாழ 73 லட்சம் கி.மீ., பூமி–சூரியன் தூரத்தில் இருபதில் ஒரு பங்கு. விண்மீன் அவ்வளவு மங்கல் என்பதால் அந்த நெருக்கத்திலும் நீர் திரவமாக இருக்க வாய்ப்பு உண்டு.

ஆனால் வாழ முடியுமா என்றால் எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. 2016 மார்ச்சில் ஒரு தீப்பிழம்பில் (விண்மீன் திடீரென வெடித்து ஒளிர்வது) பிராக்சிமா சில நிமிடங்களுக்கு 68 மடங்கு வரை பொலிந்தது. இவ்வளவு பக்கத்தில் அந்தப் புற ஊதாவைத் தாங்கி ஒரு கோள் தன் காற்றைக் காப்பாற்ற வேண்டும்.

அப்படிப்பட்ட தீப்பிழம்பை உங்கள் படங்களில் நீங்கள் தேடலாம். அடுக்கும் மென்பொருள் ஒரே ஒரு படத்தில் திடீரென ஒளிர்வதைக் குறை என்று வெட்டிவிடும். அதனால் 40 படங்களையும் தனித்தனியே, பக்கத்து மீன் இரண்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள், முக்கியமாக நீல நிற அடுக்கில்.

பழையதகடு:
மூலப் படங்களை அழித்துவிடாதீர்கள். அடுத்த சித்திரையில் அதே தொலைநோக்கியோடு அதே இடத்துக்குப் போங்கள். மூன்று பிக்சல் நகர்ந்திருக்கும்.

தென்கரை:
ஒண்ணும் அழிக்கலை அண்ணே. இன்னிக்கு ராத்திரியே நீல அடுக்கைப் பிரிச்சுப் பார்க்கிறேன். நன்றி அக்கா.