முதியோர் இல்லத்தில் தன்பால் இணைகளும் திருநங்கையரும்: கண்ணால் பார்த்ததைப் பகிருங்கள்

அட்மிஷன் டெஸ்க், கோவை:

சீனியர் லிவிங் வில்லா, டெபாசிட், மாத மெயின்டெனன்ஸ் எல்லாம் இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். நேராக விஷயத்துக்கு வருகிறேன். எழுபதைத் தாண்டிய இரண்டு ஆண்கள், பாதி ஆயுளை ஒரே வீட்டில் கழித்தவர்கள். விண்ணப்பத்தில் 'இரண்டாவது நபர், உறவு' என்று ஒரு கட்டம். பெரியவர் பேனா மூடியைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். கூட வந்தவர், "நண்பர்னே போடுங்க, எதுக்கு வம்பு" என்றார். போட்டார்.

அந்தக் கட்டம் பிறகு என்ன வேலை செய்யும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. கையெழுத்துப் போட்டவர் இறந்தால் கணவனோ மனைவியோ அங்கேயே தொடரலாம் என்று ஒப்பந்தத்தில் ஷரத்து இருக்கும். மற்றவர்கள் பல இடங்களில் விருந்தினர் கணக்கு, இத்தனை நாள்தான் என்று கெடு. டெபாசிட் போவது சட்டப்படியான வாரிசுக்கு. ஆக, முதலாமவர் கண்ணை மூடினால் இரண்டாமவர் வீட்டைக் காலி செய்ய வேண்டும், பணம் எங்கோ இருக்கிற அண்ணன் மகனுக்கு.

இதற்குப் பெரிய புரட்சி எதுவும் வேண்டாம். இருவரையும் கூட்டுக் குடியிருப்பாளர்கள் என்று முதல் பக்கத்திலேயே சேர்த்து, இருவரும் எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போட வேண்டும். 'ஒருவர் இறந்தால் மற்றவர் அதே கட்டணத்தில் தொடரலாம், டெபாசிட் அவர் பெயருக்கு மாறும்' என்று இணைப்புத் தாளில் இரண்டு வரி போதும். அக்கா தங்கை, கல்யாணம் ஆகாத தோழிகள் எல்லாம் இப்படித்தான் சேர்கிறார்கள், நிர்வாகம் மறுக்கக் காரணம் கிடையாது. இரண்டாமவருக்கு வயது வரம்பு எட்டவில்லை என்றால்தான் இழுபறி. வயதைத் தளர்த்தும் சலுகை வழக்கமாக மனைவிக்குத்தான், அதனால் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். "பார்த்துக்கலாம் சார்" என்கிற மேனேஜர் அடுத்த வருஷம் வேறு கம்பெனியில் இருப்பார்.

ஹைகோர்ட் வாசல்:

ஐசியூ வாசல். உள்ளே ஸ்ட்ரோக் வந்த அம்மாள். வெளியே அவரோடு காலமெல்லாம் குடித்தனம் நடத்திய தோழி. வருஷக்கணக்கில் எட்டிப் பார்க்காத தம்பி வந்து "நான் சொந்தத் தம்பி" என்றதும் ஃபைல் அவர் கைக்குப் போனது. தோழி மருந்துப் பையை அவரிடம் நீட்டி, "இது காலைல, இது சாப்பாட்டுக்கு அப்புறம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். தம்பி போனில் பேசிக்கொண்டிருந்தார். அவ்வளவுதான். மீதியை, யாரும் கேட்காவிட்டாலும், எழுதிவிடுகிறேன்.

2023 அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்றம் தன்பால் திருமணத்துக்குச் சட்ட அங்கீகாரம் தர மறுத்துவிட்டது. ஆகவே எல்லாவற்றையும் தாளில்தான் கட்ட வேண்டும். முதலில் பலரும் ஓடுவது பவர் ஆஃப் அட்டர்னிக்கு. அதை மட்டும் நம்பாதீர்கள். எழுதிக் கொடுத்தவர் சித்த சுவாதீனம் இழந்தால் ஒப்பந்தச் சட்டம் 201-ஆம் பிரிவின்படி அது முடிந்துவிடும். மறதி நோய் முற்றும்போதுதான் அது தேவை, சரியாக அப்போதுதான் அது செல்லாது.

செல்லுபடியாகிறது வேறொன்று. மனநல மருத்துவப் பராமரிப்புச் சட்டம் 2017, பிரிவு 14. வெள்ளைத் தாளில் எழுதி, கையெழுத்தோ கைநாட்டோ வைத்து, வயது வந்த எவரையும் தன் பிரதிநிதியாக நியமிக்கலாம். ரத்த சொந்தம் தேவையில்லை. நினைவாற்றலைக் கடுமையாகப் பாதிக்கும் கோளாறும் அந்தச் சட்டத்தின் வரையறைக்குள் வரும். பிரிவு 18 பாலியல் நாட்டத்தைப் பெயர் சொல்லியே பாகுபாடு கூடாது என்கிறது. ஆனால் இது மனநலச் சிகிச்சைக்கு மட்டும். இடுப்பு எலும்பு ஆபரேஷனுக்கு இதை நீட்டினால் எடுபடாது.

உயிர் காக்கும் கருவிகள் பற்றிய முடிவுக்கு முன்கூட்டிய மருத்துவ உயில் இருக்கிறது. 2018-இல் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது, 2023 ஜனவரியில் எளிதாக்கியது. முன்பு மாஜிஸ்திரேட் வேண்டும், இப்போது இரண்டு சாட்சிகளும் ஒரு நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரியும் போதும். பாதுகாவலர் என்று துணையின் பெயரை எழுதலாம், ஒன்றுக்கு மேற்பட்ட பெயரும் எழுதலாம். அசல் வீட்டில், நகல் குடும்ப டாக்டரிடமும் இல்லத்து ஃபைலிலும்.

சொத்துக்கு உயில். இரண்டு சாட்சிகள் கட்டாயம், பதிவு கட்டாயமில்லை, ஆனாலும் பதியுங்கள். துணையைச் சாட்சிக் கையெழுத்துப் போட வைக்காதீர்கள். இந்திய வாரிசுரிமைச் சட்டம் 67-ஆம் பிரிவு உங்களுக்குப் பொருந்தினால் சாட்சி போட்டவருக்கு எழுதியது செல்லாது. பாசத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டு வீட்டையே இழக்கலாம்.

இன்னொன்று. நோயாளி சுயநினைவோடு இருந்தால் சம்மதம் அவருடையது மட்டும். 2008-லேயே உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. "அட்டெண்டர் யாரு, சொந்தக்காரங்க கையெழுத்து வேணும்" என்பது ஆஸ்பத்திரி வழக்கமே தவிர சட்டம் இல்லை.

சீனியர் சிஸ்டர்:

வக்கீல் சார், பேப்பர் எல்லாம் சரி. உடம்பு என்று ஒன்று இருக்கிறதே.

ஜமாத்தில் (திருநங்கையர் சமூகக் குழுவில்) பெரியவர், அறுபது தாண்டிய நானி (பாட்டி முறை). அந்தக் காலத்தில் தாயம்மா (அறுவை செய்யும் மூத்த திருநங்கை) கையால் நிர்வாணம், அதாவது ஆணுறுப்பை நீக்கும் சடங்கு, செய்துகொண்டவர். சிறுநீர் அடைத்து அடிவயிறு பானை மாதிரி. ஜூனியர் பெண் 16 சைஸ் ஃபோலி கதீட்டரை (சிறுநீர் வடிக்கும் குழாய்) பிரித்துக் கையில் வைத்துக்கொண்டு போர்வையை விலக்கினாள், அப்படியே நின்றுவிட்டாள். நானிதான் சொன்னார், "என்ன பாப்பா தேடுற, இன்னும் கீழ பாரு."

தழும்பின் கீழ்ப்பக்கத்தில் ஊசிமுனை அளவு துவாரம்தான் இருக்கும். அந்த வகை அறுவையில் துவாரம் சுருங்குவது சகஜம். 12 சைஸுக்கு மேல் முயலக் கூடாது. மரத்துப்போக வைக்கும் லிக்னோகெயின் ஜெல்லி வைத்து ஐந்து நிமிஷம் காத்திருக்க வேண்டும். தடுத்தால் அழுத்தக் கூடாது, கிழிந்து இன்னும் மோசமாகும். யூராலஜி டாக்டர் வந்து துவாரத்தை விரிப்பார், இல்லாவிட்டால் அடிவயிறு வழியாகக் குழாய் போடுவார். உள்ளே போன பிறகும், சிறுநீர் வருவதைப் பார்க்காமல் குழாய் நுனியில் இருக்கும் பலூனை ஊதாதீர்கள்.

புராஸ்டேட் (ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள சுரப்பி) உள்ளேயேதான் இருக்கும். தாயம்மா முறையானாலும் ஆஸ்பத்திரி அறுவையானாலும் அதை எடுப்பதில்லை. 'பெண்' என்று சார்ட்டில் எழுதிவிட்டால் அறுபது வயசுக்காரரின் அடைப்புக்குப் புராஸ்டேட்டை யாரும் நினைப்பதே இல்லை. திருநம்பிகளுக்கு (பெண்ணாகப் பிறந்து ஆணாக வாழ்பவர்கள்) இதே பிசகு மறுபக்கம்: கர்ப்பப்பை இருக்கிறதா, எடுத்தாயிற்றா என்று கேட்பதில்லை. பாலினம் ஒரு வரி, இருக்கும் உறுப்புகள் இன்னொரு வரி. இரண்டையும் தனித்தனியாக எழுதி, இரண்டாவதை டாக்டரும் நர்ஸும் மட்டும் பார்க்கும் தாளில் வையுங்கள்.

விரைகளை எடுத்து, ஹார்மோனும் இல்லாமல் பல வருஷம் போனால் எலும்பு பஞ்சாகிவிடும். சேர்க்கும்போதே டெக்ஸா ஸ்கேன் (எலும்பு அடர்த்திச் சோதனை), வைட்டமின் டி. மெடிக்கல் ஷாப்பில் தானாக வாங்கி ஈஸ்ட்ரோஜன் மாத்திரை போடுபவர் படுத்த படுக்கையானால் காலில் ரத்தம் உறையும் ஆபத்து கூடும். மாத்திரையைப் பிடுங்கித் தூரப் போடாமல், தோலில் தடவும் ஜெல்லுக்கோ பேட்சுக்கோ மாற்றலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

கை நடுக்கம் வந்தால் முகச் சவரம் அவரால் முடியாது. அதைப் பராமரிப்புத் திட்டத்தில் தினசரி வேலையாக எழுத வேண்டும். ரத்தம் நீர்க்கும் மாத்திரை போடுபவருக்கு பிளேடு வேண்டாம், டிரிம்மர். குளிப்பாட்ட யார் வேண்டும் என்று அவரையே கேளுங்கள். திரையை இழுத்து விடுங்கள், ஒரு பகுதியைத் திறந்தால் மறுபகுதியை மூடுங்கள். வேடிக்கை பார்க்க வரும் ஸ்டாஃபுக்கு அந்த நேரம் வேறு வேலை கொடுங்கள்.

நெல்லைக்காரன்:

இவ்வளவு கஷ்டம் எதற்கு? இவர்களுக்கென்று தனி இல்லம்தான் ஒரே வழி. லாஸ் ஏஞ்சலஸில் 2007-இலேயே டிரையாங்கிள் ஸ்கொயர் திறந்தார்கள், 104 வீடு. லண்டனில் 2021-இல் டோனிக். அதைச் செய்யாமல் கட்டம், ஷரத்து என்று பேசிக்கொண்டிருக்கிறோம்.

ஈஸ்ட்ஹாம் நர்ஸ்:

நெல்லை அண்ணே, நீங்கள் சொன்ன இரண்டும் அடுக்குமாடி வீடுகள், நர்சிங் ஹோம் இல்லை. படுத்துவிட்டால் வெளியே சாதாரண இல்லத்துக்குப் போக வேண்டி வரலாம். பெர்லினில் 2012-இல் திறந்த லேபென்ஸ்ஓர்ட் ஃபீல்ஃபால்ட்டில், பராமரிப்பு தேவைப்படுபவர்களுக்கு அதே கட்டிடத்தில் கூட்டுக் குடித்தனம் வைத்தார்கள். அதைத்தான் பார்த்துப் படிக்க வேண்டும்.

சாதாரண இல்லத்தில் என்ன நடக்கும் என்பதற்கு அமெரிக்காவில் இல்லினாய்ஸின் மார்ஷா வெட்சல் வழக்கு. துணைவி இறந்த பிறகு சீனியர் குடியிருப்புக்கு வந்தவர். சக குடியிருப்பாளர்கள் வசைபாடினார்கள், அவர் ஓட்டிய ஸ்கூட்டர் மீது வாக்கரால் மோதினார்கள் என்று புகார். நிர்வாகம் அவருடைய சாப்பாட்டு மேசையை வசதி குறைந்த இடத்துக்கு மாற்றியது, அவரையே லாபிக்கு வராதே என்றது என்பதும் அவர் புகார்தான். 2018-இல் அப்பீல் கோர்ட் சொன்னது: தொல்லை நடப்பது தெரிந்தும் சும்மா இருந்தால் நிர்வாகமும் பொறுப்பு. ஆகவே சம்பவப் பதிவேட்டில் தேதி, நேரம், சொன்ன வார்த்தை, எடுத்த நடவடிக்கை நான்கும் வேண்டும். இடம் மாற்றினால் மாற வேண்டியவர் தொல்லை கொடுத்தவர்.

இங்கே லண்டனில் கண்முன் நடந்தது ஒன்று. ஷிஃப்ட் மாறும்போது ஒரு கேரர் (பராமரிப்பாளர்) சத்தமாக, "ரூம் நைன், ஷி யூஸ்டு டு பி எ மேன்" (அவர் முன்பு ஆண்) என்றார். கதவு திறந்திருந்தது. உள்ளே டீ கோப்பையை வைக்கும் சத்தம் கேட்டது. பிரிட்டனின் 2004-ஆம் வருஷப் பாலின அங்கீகாரச் சட்டம் 22-ஆம் பிரிவின்படி, பாலின அங்கீகாரச் சான்றிதழ் வாங்கியவரைப் பற்றி வேலை வழியாகத் தெரிந்ததை அனுமதியின்றிச் சொல்வது குற்றம். மருத்துவத் தேவைக்கு விலக்கு உண்டு, அதுவும் சிகிச்சை கொடுப்பவர்களுக்குள் மட்டும். அரட்டைக்குக் கிடையாது.

மறதி நோயில் சிலர் பழைய பெயருக்கே திரும்புவார்கள், காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. விவாதம் பண்ணாமல் அந்த நேரத்துக்கு எதற்குத் திரும்பிப் பார்க்கிறாரோ அதைச் சொல்லிக் கூப்பிடுங்கள். நினைவு நன்றாக இருக்கும்போதே பெயர், உடை, யாருக்கு என்ன தெரியலாம், யாரை உள்ளே விடக் கூடாது என்று அவர் கையாலேயே எழுதி வாங்கிவிட்டால் பாதித் தகராறு இல்லை.

பேங்க் ரிட்டயர்டு:

ஹைகோர்ட் வாசல் சார் வங்கியை விட்டுவிட்டார். தன்பால் துணையோடு கூட்டுக் கணக்குத் திறக்கவும் அவரை நாமினியாகப் போடவும் தடையில்லை என்று 2024 ஆகஸ்டில் மத்திய நிதி அமைச்சகம் தெளிவுபடுத்தியது. கவுண்டரில் தெரியாது என்பார்கள், மேனேஜரிடம் போங்கள். 'ஐதர் ஆர் சர்வைவர்' (இருவரில் யாரும் எடுக்கலாம், ஒருவர் போனால் மற்றவர் எடுக்கலாம்) என்று போடுங்கள், 'ஜாயிண்ட்லி' (இருவரும் சேர்ந்தே கையெழுத்து) என்றால் ஒருவர் படுத்ததும் கணக்கு முடங்கும். நாமினி பணத்தை வாங்கிக்கொள்ளலாம், அதனால் சொந்தக்காரர் ஆகிவிட மாட்டார். வாரிசு கேட்டால் கொடுக்க வேண்டி வரும். உயிலும் அதே பெயரில் இருந்தால்தான் காசு நிற்கும்.

அதே மாதம் சுகாதார அமைச்சகம் மாநிலங்களுக்கு ஒரு கடிதம் அனுப்பியது: நெருங்கிய உறவினர் கிடைக்காதபோது இறந்தவர் உடலைத் துணை கேட்டுப் பெறலாம் என்று. உறவினர் வந்து நின்றால் இந்தக் கடிதம் கைகொடுக்காது, அதையும் சொல்லி வையுங்கள். நகல் ஒன்றை அட்மிஷன் ஃபைலிலேயே சொருகி வைப்பது நல்லது. ராத்திரி பதினோரு மணிக்கு மார்ச்சுவரி கிளார்க் முன்னால் நின்று போனில் தேடிக் காட்ட முடியாது.