மறுமொழி: ‘ஃபிஷ் பாஸ்’ – மீன் ஏணியா, மீன்கடவா?

அன்பு நண்பர்களே,

அணையைத் தாண்டி மீன் போக அமைக்கும் வழியை ஆங்கிலத்தில் ‘ஃபிஷ் பாஸ்’ என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையை மூன்று நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். ‘மீன் ஏணி’ என்றே முடித்துவிடலாம் என்று பலரும் சொல்கிறீர்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. காரணத்தைக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> ஆங்கிலத்திலும் லேடர் என்கிறார்களே, ஏணி என்று வைத்தால் என்ன குறை?

ஏணி என்றதும் படிப்படியாகத் துள்ளி ஏறும் சால்மன்தான் கண்முன் வருகிறது. கொள்ளிடத்தில் ஏறிய உல்லம் அப்படிப்பட்ட மீன் அல்ல. வங்காளத்தில் இலிஷ் என்று கொண்டாடுகிறார்களே, அதே மீன். கடலில் வளர்ந்து, வெள்ளக் காலத்தில் ஆற்றில் ஏறி, நன்னீரில் சினையிடும். எதிர்நீரில் வலுவாக நீந்தும். ஆனால் கொட்டும் நீரைத் துள்ளித் தாண்டும் இனம் இல்லை. அதற்கு வேண்டியது படி அல்ல, அறுபடாமல் ஓடும் நீர்.

என் ஊர் அணைக்கரைக்குப் பக்கம். புதுத்தண்ணி வந்ததும் ‘மீன் ஏறுது’ என்று தெருவில் குரல் கேட்கும். கீழணையின் கதவுகளுக்குக் கீழே, கல்தளத்தில் மீன்கள் முட்டிக்கொண்டு நிற்கும். வலை வைத்திருந்தவர்களுக்கு அன்றைக்கு நல்ல வேட்டை. சிறுவனாக எனக்கு அது திருவிழா மாதிரி இருந்தது. அவை மேலே போகத்தான் வந்தன, போக முடியாமல்தான் அங்கே குவிந்து நின்றன என்று வெகுகாலம் கழித்துப் புரிந்தபோது வயிறு பிசைந்தது.

முக்கொம்பு மேலணை, அணைக்கரைக் கீழணை இரண்டும் ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் 1830களில் கட்டியவை. இத்தகைய அணைக்கட்டுகள் மீன்களை மறிப்பதையும், அவற்றில் மீனுக்கு வழி விட வேண்டியதையும் மீனியல் அறிஞர் பிரான்சிஸ் டே 1873ஆம் ஆண்டு அறிக்கையிலேயே எழுதிவிட்டார். ஆக, இந்தச் சொல்லுக்கான தேவை நமக்கு 150 ஆண்டுப் பழையது! 1934இல் மேட்டூர் அணை வந்தது. வெள்ளத்தின் காலமும் அளவும் மாறின, காவிரியில் உல்லம் சரிந்தது. கங்கையிலும் இதே கதைதான்: அலகாபாத்தையும் தாண்டிப் போய்க்கொண்டிருந்த மீன், 1975இல் ஃபரக்கா கதவணை வந்தபின் அதற்கு மேலே அரிதாகிப்போனது.

இன்னொன்று, ஏணி ஏறுவதற்கு மட்டும் என்ற எண்ணத்தைத் தருகிறது. விலாங்கை எடுத்துக்கொள்ளுங்கள். உல்லத்துக்கு நேர் எதிர். கடலில் பிறந்து, குஞ்சாக ஆற்றில் ஏறி, வளர்ந்தபின் முட்டையிடக் கடலுக்குத் திரும்புகிறது. குஞ்சு ஏற ஈரமான சொரசொரப்புப் பரப்பே போதும். இறங்கும்போதுதான் ஆபத்து; மின்நிலையச் சுழலிகளில் (டர்பைன்) சிக்கி அறுபடும். இறங்குவதற்கான வழியும் இந்தச் சொல்லுக்குள் அடங்க வேண்டும்.

> மணற்போக்கி என்று கல்லணையில் பழகிய சொல் இருக்கிறது. அதே தடத்தில் மீன்போக்கி.

பொறியாளர் ஐயா சொன்ன இது எனக்கும் முதலில் பிடித்தது. நம் நீர்ப்பாசன மரபிலிருந்து வருகிறது, ஓசையும் நன்றாக இருக்கிறது. ஆனால் மணற்போக்கி மணலை வெளியே தள்ளுவது. மீன்போக்கி என்றால் மீனை விரட்டும் கருவி என்றே படிப்பவர் கொள்வார். ஐயா மன்னிக்க வேண்டும்.

முதல் நாள் நான் முன்வைத்த ‘மீன்வழி’யையும் திரும்பப் பெறுகிறேன். ‘மீன்வழி பரவும் நோய்’ என்று ஒருவர் எழுதிக் காட்டினாரே, அதற்குப் பிறகு அந்தச் சொல்லை என்னால் வேறு மாதிரி படிக்க முடியவில்லை.

> எங்கட பக்கம் பாதசாரிக் கடவை, புகையிரதக் கடவை எண்டு சொல்லுவம். மீன்கடவை எண்டால் சரிவராதோ?

யாழ்ப்பாணத்து நண்பரின் இந்த ஒரு வரிதான் எனக்குக் கதவைத் திறந்தது. தயக்கம் ஒன்றுதான்: கடவை என்றால் குறுக்கே கடப்பது என்ற பொருள் ஊன்றிவிட்டது. மீன் ஆற்றைக் குறுக்கே கடப்பதில்லை, நெடுகப் போகிறது. அதே வேரில் ‘கடவு’ இருக்கிறது. வழி என்பதுதான் அதன் பழைய பொருள். கடவுச்சீட்டில் எல்லோருக்கும் பழக்கம். எனவே மீன்கடவு.

இதிலிருந்து மற்றவையும் இயல்பாகக் கிளைக்கின்றன. தொட்டி தொட்டியாக ஏறுவது படிக்கடவு. மீன் ஏணி என்ற பெயர் வேண்டுமானால் இந்த ஒரு வகைக்கு நிற்கட்டும். அணையைச் சுற்றிக் கல்லும் சரளையுமாக வெட்டிவிடும் ஓடை, ஓடைக்கடவு. அறைக்குள் மீனை விட்டு நீர்மட்டத்தை உயர்த்துவது அறைக்கடவு. திசையைச் சொல்ல ஏறுகடவு, இறங்குகடவு. ‘ஏறு’ நம் தெருவில் கேட்ட சொல் என்பதால் எனக்கு இரட்டை மகிழ்ச்சி.

அப்புறம், ‘ரெகவரி’க்கு மீட்பு என்று நம் கலைச்சொல் பட்டியலில் போட்டிருக்கிறீர்கள். மீட்சி என்று மாற்ற வேண்டுகிறேன். மீட்பு நாம் செய்வது, மீட்சி மீன் தானாகத் திரும்புவது. இந்த வேறுபாடு மங்கினால், அணையில் கட்லா, ரோகு குஞ்சுகளைக் கொட்டிவிட்டு ஆற்றை மீட்டுவிட்டோம் என்று எழுதிவிடுவார்கள். அவை காவிரிக்கு வெளியிலிருந்து வந்தவை. மீட்சி என்றால் என்ன என்பதற்கு கிளமாத் ஆறு இருக்கிறது. அமெரிக்காவில் அந்த ஆற்றிலிருந்து 4 அணைகளை அகற்றி முடித்தது 2024இல். அதே ஆண்டு அக்டோபரில் ஓரிகான் மாநிலப் பகுதிக் கிளையாற்றில் சினூக் சால்மன் தென்பட்டது, 1912க்குப் பிறகு முதன்முறையாக. யாரும் கொண்டுபோய் விடவில்லை, அதுவே போனது.

பதிவுக்கான விளக்கம்: மீன்கடவு – அணை, கதவணை, தடுப்பணை போன்ற தடைகளைத் தாண்டி மீன்கள் ஏறவும் இறங்கவும் அமைக்கும் நீர்வழி.

ஒரு சொல் இன்னும் சிக்கவில்லை. கடவின் வாயில் எங்கே என்று மீனுக்கு எப்படித் தெரியும்? வாயிலில் தனியே ஒரு நீரோட்டத்தைப் பாய்ச்சுவார்கள். அதை உணர்ந்து மீன் அங்கே திரும்பும். அது போதாவிட்டால் எவ்வளவு நல்ல கடவும் வீண்தான், மீன் பழையபடி கதவில் முட்டிக்கொண்டு நிற்கும். பட்டியலில் ‘ஈர்ப்புப் பாய்வு’ என்று இருக்கிறது. எனக்கு அழைநீர் என்று தோன்றுகிறது. மீனவர் குடும்பத்திலிருந்து இக்குழுவுக்கு வந்தவர்கள், உங்கள் பக்கம் இதற்குப் புழங்கும் சொல் ஏதாவது உண்டா என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுச் சொல்லுங்கள்.

அன்புடன்,
அணைக்கரைப் பக்கத்து நண்பன்