ஃபர்ம்வேர் (மோடத்துக்குள் இருக்கும் சாஃப்ட்வேர்) அப்டேட்டுக்குப் பிறகு 200 எம்பிபிஎஸ் பிளான் 20-ல் ஓடுகிறது. மோடத்தை மாற்றித்தான் ஆகணுமா?

ஈரோட்டுச் செல்வி

வணக்கம். வீட்டில் ஃபைபர் கனெக்ஷன், 200 எம்பிபிஎஸ் பிளான். இணைப்பு கொடுத்தவர்களே வைத்துவிட்டுப் போன மோடம்தான், 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் இரண்டும் வரும். போன வாரம் ராத்திரி அதுவே அணைந்து மறுபடி ஆன் ஆனது. காலையில் பார்த்தால் வைஃபை பெயர், பாஸ்வேர்டு எல்லாம் மோடத்துக்கு அடியில் ஸ்டிக்கரில் இருப்பதற்கு மாறிவிட்டன. 192.168.1.1 என்ற மோடத்தின் செட்டிங் பக்கத்துக்குள் போய்ப் பார்த்தேன், சாஃப்ட்வேர் வெர்ஷன் நம்பரும் வேறாக இருக்கிறது. பெயரையும் பாஸ்வேர்டையும் மட்டும் பழையபடி வைத்தேன்.

அன்றிலிருந்து ஸ்பீடு டெஸ்டில் 20, 22-ஐத் தாண்டவில்லை. மோடத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தாலும் அதே 22தான். பையன் வீட்டிலிருந்து வேலை பார்க்கிறான். அவன் மீட்டிங்கில் இருக்கும்போது நாங்கள் டிவியில் எதையாவது போட்டால் அவன் முகம் உறைந்துவிடுகிறதாம். லைன் பார்க்க வந்த தம்பி மோடத்தைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் "மோடம் போச்சுக்கா, புதுசு 2,500 ரூபா" என்றார். பழைய ஃபர்ம்வேரைத் திரும்பப் போட்டால் சரியாகுமா?

டெக்தம்பி

அக்கா, மாடல் நம்பரைப் போட்டுத் தேடினா பழைய ஃபர்ம்வேர் ஃபைல் கிடைக்கும். டவுன்லோடு பண்ணி அப்கிரேடு பக்கத்துல ஏத்துங்க, பத்து நிமிஷ வேலை.

ஓய்வுபெற்ற எக்ஸ்சேஞ்ச்காரன்

தம்பி, கொஞ்சம் பொறு. ஒரே மாடல் நம்பரில் வி1, வி2 என்று வேறு வேறு போர்டு வரும். ஒன்றின் ஃபைலை இன்னொன்றில் ஏற்றினால் மோடம் செங்கல்தான். ஏற்றும்போது கரண்ட் போனாலும் அதே கதி. எல்லாம் சரியாக ஏறினாலும் கம்பெனி போட்டுவைத்த செட்டிங் போய்விடலாம். கனெக்ஷனுக்கு லாகின் ஆகும் பிபிபிஓஇ யூசர்நேம், லைனைப் பிரித்துக் காட்டும் விலான் நம்பர் இவற்றையாவது குறித்துவைக்க முடியும். லேண்ட்லைன் அதே பெட்டியில் ஓடினால் அதன் பாஸ்வேர்டு நமக்குக் கண்ணிலேயே காட்டாது. இந்த ஃபர்ம்வேரை அவர்கள்தான் தூரத்திலிருந்து அனுப்புகிறார்கள், நீங்கள் பழசைப் போட்டாலும் நாளைக்கே புதுசு வந்து உட்காரலாம்.

செல்வி மேடம், முதலில் மூன்றைப் பார்த்துச் சொல்லுங்கள். மோடத்தின் செட்டிங் பக்கத்தில் ஸ்டேட்டஸ் பகுதியில் ஆப்டிகல் என்று ஒரு தலைப்பு இருக்கும், அதில் ஆர்எக்ஸ் பவர் (ஃபைபரில் வந்து சேரும் வெளிச்சத்தின் அளவு) எவ்வளவு? பையனின் லேப்டாப்பை வயரில் செருகி டெஸ்ட் பண்ணினால் எவ்வளவு? போனில் வைஃபை பெயரை அழுத்தினால் லிங்க் ஸ்பீடு என்று காட்டுமே, அது எவ்வளவு? இந்த மாத டேட்டா அளவு தீர்ந்து ஸ்பீடைக் குறைத்திருக்கிறார்களா என்பதையும் ஆப்பில் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

யாழ்நிலா

எனக்கும் இதே பிரச்சினைதான். எங்கட வீட்டில இன்னும் செம்புக் கம்பி லைன். ரவுட்டரை மாத்திப் பார்த்தும் 5 எம்பிபிஎஸ்சுக்கு மேல வரேல்ல. அட்டெனுவேஷன் (வழியில சிக்னல் குறையிற அளவு) 50 டிபி எண்டு காட்டுது. ஃபர்ம்வேர் போட்டால் கூடுமோ?

ஓய்வுபெற்ற எக்ஸ்சேஞ்ச்காரன்

உங்களுடையது வேறு கேஸ். செம்புக் கம்பியில் வரும் ஏடிஎஸ்எல்2+ என்றால் காகிதத்தில் 24 எம்பிபிஎஸ், ஆனால் எக்ஸ்சேஞ்ச் பக்கத்தில் இருப்பவர்களுக்குத்தான் அது. 50 டிபி என்றால் நீங்கள் வெகு தூரம். அந்தத் தூரத்துக்கு 5 வருவதே நல்ல லைன்தான், எந்த ஃபர்ம்வேரும் கம்பியைச் சுருக்காது. மழை பெய்தால் மட்டும் இன்னும் குறைகிறது என்றால் வெளி ஜாயின்ட்டில் தண்ணீர் இறங்குகிறது, அதைப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஈரோட்டுச் செல்வி

பார்த்தேன் சார். டேட்டா பாக்கி இருக்கிறது. ஆர்எக்ஸ் பவர் -19.4 டிபிஎம். வயரில் 93. லிங்க் ஸ்பீடு 54 எம்பிபிஎஸ், 5 கிகாஹெர்ட்ஸ் பெயரில் சேர்ந்தாலும் அதே 54.

ஓய்வுபெற்ற எக்ஸ்சேஞ்ச்காரன்

மோடம் நன்றாக இருக்கிறது, 2,500 ரூபாயைப் பத்திரமாக வையுங்கள்.

ஆர்எக்ஸ் பவர் -8-க்கும் -27-க்கும் நடுவில் இருக்கணும். -19 என்றால் வெளியிலிருந்து வெளிச்சம் சரியாக வருகிறது.

கோளாறு வீட்டுக்குள்தான், அதுவும் இரண்டு. முதலில் அந்த 54. இப்போதைய வைஃபையில், அதுவும் 5 கிகாஹெர்ட்ஸில், பக்கத்தில் உட்கார்ந்து 54 என்று காட்டினால் நான் சந்தேகப்படுவது டிகேஐபி என்ற பழைய வைஃபை பூட்டு முறையைத்தான். 2003 வாக்கில், பழைய பெட்டிகளைத் தூக்கிப் போடாமல் ஓட்டுவதற்காகக் கொண்டுவந்த பூட்டு அது. 2009-ல் 802.11என் என்ற வைஃபை தரம் வந்தபோதே, இந்தப் பூட்டோடு வேகமான ரேட் கிடையாது என்று விதியிலேயே எழுதிவிட்டார்கள். அதனால் போன் பழைய 54-க்கே இறங்கிவிடும். 54 லிங்க்கில் கைக்கு வருவது 20, 22தான். உங்கள் கணக்கும் அதுதானே?

வைஃபை செக்யூரிட்டி பக்கத்தில் என்கிரிப்ஷன் (அதாவது அந்தப் பூட்டு) என்ன என்று பாருங்கள். டிகேஐபி இருந்தால் அதைவிடப் புதிய பூட்டான டபிள்யூபிஏ2, ஏஇஎஸ் என்று மாற்றுங்கள். இரண்டு பேண்டுக்கும் தனித்தனியாக மாற்றணும்.

ஈரோட்டுச் செல்வி

இரண்டிலும் டிகேஐபி என்றுதான் இருந்தது, நான் அந்த இடத்தைத் தொட்டதே இல்லை. மாற்றியதும் லிங்க் ஸ்பீடு 866. ஸ்பீடு டெஸ்டில் 190! பையன் மாடியிலிருந்து இறங்கி வந்து என்னம்மா பண்ணினே என்கிறான்.

ஆனால் பழைய பிரின்டர் மட்டும் சேரமாட்டேன் என்கிறது. வயரில் இன்னும் 93தான்.

டெக்தம்பி

பிரின்டர்ல பழைய வைஃபையை அழிச்சுட்டுப் புதுசா சேருங்க அக்கா, 2.4 பெயர்ல. அப்பவும் சேரலைன்னா யூஎஸ்பி வயர்தான் வழி. அதுக்காக வீட்டு வைஃபையையே திரும்ப டிகேஐபிக்கு இறக்கிடாதீங்க.

(சார் சொன்னது சரிதான், ஃபர்ம்வேர் பேச்சை வாபஸ் வாங்கிக்கிறேன்.)

ஓய்வுபெற்ற எக்ஸ்சேஞ்ச்காரன்

இனி இரண்டாவது கோளாறு. வயரில் 93, 94-ல் கோடு போட்டது மாதிரி நின்றால் அது 100 எம்பிபிஎஸ் லிங்க். லேப்டாப் போர்ட்டும் மோடம் போர்ட்டும் கிகாபிட்தான் (1000 எம்பிபிஎஸ்) என்றால் நடுவில் கேபிளைச் சந்தேகப்படுங்கள். கிகாபிட்டுக்கு எட்டு கம்பியும் வேண்டும். நூறுக்கு 1, 2, 3, 6 ஆகிய நான்கு பின் போதும். முனையில் இருக்கும் கண்ணாடி பிளாஸ்டிக் தலையை வெளிச்சத்தில் பிடித்து உள்ளே எத்தனை நிறம் தெரிகிறது என்று எண்ணுங்கள்.

ஈரோட்டுச் செல்வி

ஆரஞ்சு, வெள்ளை ஆரஞ்சு, பச்சை, வெள்ளை பச்சை. நான்குதான் சார். நீலமும் பிரவுனும் உறைக்கு வெளியே ஒட்ட வெட்டியிருக்கிறது. வீடு கட்டும்போது எலக்ட்ரீஷியன் இழுத்தது.

ஓய்வுபெற்ற எக்ஸ்சேஞ்ச்காரன்

பல வீட்டில் இதே கதைதான். மிச்ச நான்கை டெலிபோனுக்கு வைத்திருப்பார், இல்லை சோம்பலாக இருந்திருக்கும். கேபிள் மேல் கேட் 5இ என்று அச்சடித்திருந்தால் கேபிளை மாற்ற வேண்டாம். இரண்டு முனையிலும் தலையை வெட்டிவிட்டு எட்டு கம்பியையும் வரிசையாகப் புதுத் தலையில் கிரிம்ப் பண்ண (அழுத்திப் பொருத்த)ச் சொல்லுங்கள். கம்ப்யூட்டர் கடைப் பையனே செய்துவிடுவான்.

ஈரோட்டுச் செல்வி

ஆச்சு சார், வயரிலும் 195 வருகிறது. பிரின்டர் 2.4-ல் சேர்ந்துவிட்டது. ஒரே ஒரு கேள்வி. பின்கட்டு அறையில் 30தான் வருகிறது, நடுவில் இரண்டு சுவர். வைஃபையை நீட்டிக்கும் எக்ஸ்டெண்டர் வாங்கலாமா?

டெக்தம்பி

அலமாரியில பழைய ரவுட்டர் ஏதாவது தூங்குதா அக்கா? மோடத்துலேர்ந்து அந்த அறைக்கு ஒரு கேபிள் இழுங்க. ரவுட்டருக்கு 192.168.1.2-ன்னு கொடுத்து, டிஹெச்சிபியை (போனுக்கெல்லாம் நம்பர் கொடுக்கிற வேலை, அதை மோடம் பார்த்துக்கும்) ஆஃப் பண்ணி, கேபிளை அதோட லான் போர்ட்டுல செருகுங்க, வான் போர்ட்டுல இல்ல. வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் ஒண்ணாவே இருக்கட்டும். செக்யூரிட்டி ஏஇஎஸ். கேபிள் இழுக்க வழியே இல்லேன்னா மட்டும் எக்ஸ்டெண்டர் வாங்குங்க, டூயல் பேண்டா பார்த்து.