புதுப்பிப்பு: கல்லடி வகுப்பின் பொது நாட்காட்டி வேலை செய்கிறது

போன கிழமை கேட்டிருந்தேன்: கல்லடியில் எங்கள் மாலை வகுப்புக்காகப் பழைய மடிக்கணினியில் டெபியன் (லினக்ஸ் இயங்குதளம்) போட்டு, நாட்காட்டிகளைப் பகிரும் ராடிகாலே என்ற சேவையக மென்பொருளை நிறுவினேன், பொது நாட்காட்டி மட்டும் மற்ற ஆசிரியர்களுக்குத் தெரியவில்லை என்று. தீர்ந்துவிட்டது.

பிழை, யார் எதைப் பார்க்கலாம், மாற்றலாம் என்று சொல்லும் உரிமைக் கோப்பில் இருந்தது. ராடிகாலே வழமையாக அவரவர் கோப்புறையை அவரவருக்கு மட்டுமே திறக்கும். அதை மாற்றும்போது பெரிய ஆங்கில எழுத்தில் ஆர் (வாசிக்க), டபிள்யூ (எழுத) என்று போட்டிருந்தேன். பெரிய எழுத்து, நாட்காட்டிகளை உள்ளே வைத்திருக்கும் வெளிக் கோப்புறைக்கு. நாட்காட்டிக்கும் முகவரிப் புத்தகத்துக்கும் சின்ன எழுத்துத்தான் வேண்டும். மூன்று இரவு தேடியது இதைத்தான். “உரிமைக் கோப்பைப் பாருங்கோ தம்பி” என்று பதில் எழுதிய அண்ணாவுக்கு மனமார்ந்த நன்றி.

அப்புறம் இன்னொன்று. கைபேசியில் நாட்காட்டியை ஒத்திசைக்கும் டேவ்எக்ஸ்5 செயலி, பயனரின் சொந்தக் கோப்புறைக்குள்தான் தேடியது. பொது நாட்காட்டியின் முழு முகவரியையும் கொடுத்த பிறகே அது வந்தது.

ராடிகாலே பயன்படுத்தும் 5232 போர்ட்டை இணையத்துக்குத் திறக்கவில்லை. வெளியில் இருப்பவர்கள் வயர்கார்ட் என்ற விபிஎன் (பாதுகாப்பான தனி இணைப்பு) வழியாக வருகிறார்கள். காத்தான்குடியிலிருந்து வரும் கணித சேர் நேற்று வகுப்பு நேரத்தை மாற்றினார். ஒத்திசைத்ததும் எல்லோர் கைபேசியிலும் மாறியது. எனக்குப் பெரிய சந்தோசம்.

ஒவ்வொரு நிகழ்வும் தனிக் கோப்பாக இருப்பதால், காப்புப்படிக்கு இரவில் கோப்புகளை நகலெடுக்கும் ஆர்சிங்க் கட்டளை ஒன்று போதும். அதையும் போட்டுவிட்டேன்.