சரக்கு நனைந்தால் மாலுமியின் சம்பளத்தில் ஏன் பிடித்தம்?

கொற்கைவாசன் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். பதினேழாம் நூற்றாண்டில் லண்டன் அட்மிரால்டி நீதிமன்றத்தில் (கடல் வழக்குகளுக்கான நீதிமன்றம்) நடந்த வழக்குகளைப் பற்றிச் சில வாரங்களாகப் படித்து வருகிறேன். அவற்றில் இரண்டு வகை வழக்குகள் திரும்பத் திரும்ப வருகின்றன. சம்பளம் கிடைக்கவில்லை என்று மாலுமிகள் தொடுத்தவை ஒரு வகை. சரக்கு கெட்டுப்போய் வந்து சேர்ந்தது என்று வணிகர்கள் தொடுத்தவை மற்றொரு வகை. முதலில் இவை வெவ்வேறு விவகாரங்கள் என்றே நினைத்தேன். படிக்கப் படிக்க, ஒன்றின் கயிற்றை இழுத்தால் மற்றொன்றும் சேர்ந்து வருகிறது என்பது தெரிந்தது.

என் தாத்தா தூத்துக்குடியிலிருந்து தோணியில் போனவர். சரக்கை ஏற்றிச் செல்வதற்காக வணிகர் தரும் கட்டணத்தை அவர் ‘கேவு’ என்பார். அந்தச் சொல்லைக் கொண்டு சொல்வதானால், ‘கேவுதான் கூலிக்குத் தாய்’ என்பது அக்காலத்து ஆங்கிலேயக் கடல் வணிகத்தின் எழுதப்படாத விதியாக இருந்திருக்கிறது. கப்பல் கேவு ஈட்டினால்தான் மாலுமிக்குச் சம்பளம், ஈட்டாவிட்டால் இல்லை.

மாதச் சம்பளத்துக்கு வந்த ஒருவனுக்கு லாபத்தில் பங்கு கிடையாது. அப்படியிருக்க, நட்டத்தில் மட்டும் அவனை எப்படிப் பங்காளியாக்கினார்கள்? சரக்கறையில் திராட்சை நனைந்ததற்குப் பாய்மரத்தின் உச்சியில் நின்றவன் ஏன் பணம் கட்ட வேண்டும்? அவன் எங்கே போய் முறையிட்டான்? விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

ஆவணப்பித்தன்:

கொற்கைவாசன் அவர்களுக்கு வணக்கம். இரண்டும் ஒரே கயிறு என்று தாங்கள் கண்டது சரியே. அந்தக் கயிற்றின் ஒரு முனை பில் ஆஃப் லேடிங் என்ற ஏற்றுச் சீட்டில் இருக்கிறது.

பதினேழாம் நூற்றாண்டின் ஏற்றுச் சீட்டு ஒரு சிறிய தாள். சரக்கை நல்ல நிலையில் ஏற்றிக்கொண்டதாகவும், கடலின் அபாயங்கள் நீங்கலாக அதை அதே நல்ல நிலையில் ஒப்படைப்பதாகவும் கேப்டன் அதில் கையெழுத்திடுவார். பெரும்பாலும் மூன்று பிரதிகள் எழுதப்படும். ஒன்றைக் காட்டிச் சரக்கைப் பெற்றுக்கொண்டதும் மற்ற இரண்டும் செல்லாமல் போகும். பின்னால் எழுந்த சண்டைகள் முக்கால்வாசியும் ‘கடலின் அபாயங்கள் நீங்கலாக’ என்ற அந்த ஒரு சொற்றொடரைச் சுற்றியே நடந்தன. சாந்தே தீவிலிருந்து வந்த உலர்திராட்சை நனைந்திருந்தாலோ, கேனரித் தீவுகளின் மது பீப்பாயிலிருந்து ஒழுகியிருந்தாலோ, காரணம் புயலா அல்லது கப்பலில் இருந்தவர்களின் கவனக்குறைவா என்பதே கேள்வி. புயல் என்றால் வணிகர் முழுக் கேவையும் கொடுத்தாக வேண்டும். கவனக்குறைவு என்றால் அவர் சேதத்தைக் கேவிலிருந்து கழித்துக்கொள்வார். கழிக்கப்பட்ட தொகையைக் கப்பல் உரிமையாளர்கள் தங்கள் மடியிலிருந்து போட விரும்பாமல் மாலுமிகளின் தலையில் பகிர்ந்து ஏற்றுவார்கள். பயணம் முடிந்து சம்பளம் வாங்க வரிசையில் நிற்கும்போதுதான் பலருக்கும் பிடித்தம் இருப்பதே தெரியவரும்.

இதற்குச் சொல்லப்பட்ட நியாயம், சரக்கைக் காப்பது எல்லா மாலுமிகளுக்கும் பொதுவான கடமை என்பதாகும். சரக்கறையின் மூடிகளைச் சரியாக அடைப்பதும், பலகை இடுக்குகளில் நீர் புகாதபடி அடைத்துக் கலப்பற்று பார்ப்பதும், கசியும் நீரை இறைப்பதும் அவர்கள் வேலை; ஆகவே நனைந்ததற்கு அவர்களே பொறுப்பு என்றார்கள். கப்பல் துறைமுகத்தை விட்டுக் கிளம்பும்போதே ஓட்டையாக இருந்ததா என்று மாலுமி திருப்பிக் கேட்டபோதுதான் வழக்குச் சூடு பிடித்தது.

அந்நீதிமன்றத்தின் வாக்குமூலங்கள் இன்று லண்டனின் கியூ பகுதியிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. ஒவ்வொரு சாட்சியின் ஊர், தொழில், வயது ஆகியவை தொடக்கத்திலேயே பதிவாகும். எழுதத் தெரியாதவர் இறுதியில் ஒரு குறியிடுவார், சிலர் நங்கூரம் போல வரைவதும் உண்டு. கப்பல் நீர் கசியாமல் இறுக்கமாக இருந்ததா, மூடிகள் சரியாக அடைக்கப்பட்டிருந்தனவா, காற்று எந்த அளவுக்கு வீசியது என்ற கேள்விகளுக்கு நடுவே, ‘உனக்குச் சம்பளம் கிடைத்துவிட்டதா? இவ்வழக்கு யார் பக்கம் முடிந்தால் உனக்கு ஆதாயம்?’ என்ற கேள்வியும் வந்துவிடும். சாட்சிக்கு இது இக்கட்டான இடம். கப்பல் ஓட்டை என்றால் உரிமையாளருக்குப் பகையாகி அடுத்த பயணத்துக்கு வேலையில்லாமல் போகும்; கப்பல் உறுதியாகத்தான் இருந்தது என்றால் பழி தன்னிடமே வந்து சேரும். அதனால்தான் அந்த வாக்குமூலங்களில் புயல்கள் எல்லாம் அத்தனை பயங்கரமானவையாக வீசுகின்றன என்று எனக்கு ஓர் ஐயம் உண்டு.

இடையில் ஒரு சிறு செய்தி. மத்தியதரைக் கடலோரத்தில் வழங்கிய ‘கொன்சொலாத்’ என்ற கடல் வழக்குத் தொகுப்பில், எலி கடித்த சரக்குக்குத் தனி விதியே இருக்கிறது. கப்பலில் பூனை வளர்த்திருந்தால் கேப்டன் பொறுப்பாளி அல்லர். பூனை இல்லாவிட்டால் நட்டத்தை அவரே ஈடுகட்ட வேண்டும்.

இனி, மாலுமி எங்கே முறையிட்டான் என்பது. அட்மிரால்டி நீதிமன்றம் அவனுக்கு மூன்று வகையில் சாதகமாக இருந்தது. நாட்டின் சாதாரண வழக்குகளை விசாரித்த பொதுச்சட்ட நீதிமன்றங்களில் ஒவ்வொருவரும் தனித்தனியே வழக்குத் தொடுத்துத் தனித்தனியே செலவழிக்க வேண்டும். இங்கே பலர் சேர்ந்து ஒரே வழக்காகத் தொடுக்கலாம். உரிமையாளர் யார், எத்தனை பேர், எங்கே இருக்கிறார்கள் என்று தேடி அலையத் தேவையில்லாமல், துறையில் நிற்கும் கப்பலையே பிடித்து நிறுத்திவைக்கலாம். அத்துடன், அடுத்த கப்பலில் ஏறிப் போய்விடக்கூடியவனுக்கு மிக இன்றியமையாத ஒன்று இங்கே கிடைத்தது. விசாரணை ஒப்பளவில் விரைவாக நடந்தது.

பொதுச்சட்ட நீதிபதிகளுக்கு இது பிடிக்கவில்லை. லண்டனில் தரையில் நின்று பேசிய ஒப்பந்தத்துக்குக் கடல் நீதிமன்றத்தில் என்ன வேலை என்று பொதுச்சட்டத் தலைமை நீதிபதி எட்வர்ட் கோக் காலத்தில் தடையாணைகள் சரமாரியாக வந்தன. 1632-இல் அரசவையில் ஏற்பட்ட சமரசத்தில் மாலுமிகளின் சம்பள வழக்கு அட்மிரால்டியிடமே இருக்கட்டும் என்று முடிவானது. 1648-இல் நாடாளுமன்றத்தின் அவசரச்சட்டம் ஒன்று சம்பளம், கேவு, ஏற்றுச் சீட்டு, சரக்குச் சேதம் ஆகிய அனைத்தையும் அதன் கீழ் கொண்டுவந்தது. 1660-இல் மன்னராட்சி திரும்பியதும் அச்சட்டம் செல்லாமல் போய், சரக்கு வழக்குகள் மெல்ல மெல்ல நழுவின. சம்பள வழக்கு மட்டும் நிலைத்தது. ஆனால் கேப்டன் தன் சம்பளத்துக்காக அங்கே வழக்காட முடியாது. அவர் உரிமையாளரின் நாணயத்தை நம்பி வந்தவர், கப்பலை நம்பி வந்தவர் அல்லர் என்றார்கள்.

வழக்குக்கட்டு:

ஆவணப்பித்தன் அவர்களின் விளக்கம் பயனுள்ளது. இருந்தாலும் நீதிமன்றத்தை மாலுமியின் நண்பனாகவே காட்டிவிட்டாரோ என்று தோன்றுகிறது. சட்டம் படித்தவர்கள் யாரும் மறக்க முடியாத கட்டர் எதிர் பவல் வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 1793 ஜூலை 31 அன்று ஜமைக்காவின் கிங்ஸ்டனில் ‘கவர்னர் பாரி’ என்ற கப்பலின் கேப்டன், இரண்டாம் மேட்டாக (கேப்டனுக்குக் கீழுள்ள ஓர் அதிகாரியாக) சேர்ந்த கட்டருக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். லிவர்பூல் வரை உடன் வந்து கடமையைச் செய்தால், கப்பல் சேர்ந்து பத்து நாளில் 30 கினி (ஒரு கினி என்பது 21 ஷில்லிங்) தருவதாக அதில் இருந்தது. கப்பல் ஆகஸ்ட் 2 அன்று புறப்பட்டது. செப்டம்பர் 20 அன்று கட்டர் நடுக்கடலில் இறந்தார். அக்டோபர் 9 அன்று கப்பல் லிவர்பூலை அடைந்தது.

ஏறத்தாழ ஏழு வாரம் வேலை செய்தவருக்கு அந்த அளவுக்காவது கூலி கொடுங்கள் என்று அவர் மனைவி கேட்டார். 1795-இல் கிங்ஸ் பெஞ்ச் நீதிமன்றம் ஒரு காசும் கிடையாது என்றது. பயணம் முழுவதையும் முடித்தால்தான் பணம் என்பது நிபந்தனை. பயணம் முடியவில்லை, ஆகவே பணமில்லை. சரக்கு பத்திரமாக வந்தது, கேவும் கிடைத்திருக்கும். தாய் உயிருடன் இருந்தும் பிள்ளைக்குப் பால் இல்லை என்றால், கூலியைக் கேவோடு கட்டிவைத்தது உரிமையாளரின் வசதிக்காக மட்டும்தானே?

ஆவணப்பித்தன்:

வழக்குக்கட்டு சுட்டிய தீர்ப்பு கொடியதுதான், மறுக்கவில்லை. ஆனால் அது பொதுச்சட்ட நீதிமன்றத்தில், வழக்கத்துக்கு மாறான ஒரு தனி ஒப்பந்தத்தின் மேல் வந்தது. அந்தப் பதவிக்கு அப்போது வழக்கமான சம்பளம் மாதம் 4 பவுண்ட். அப்பயணம் பொதுவாக எட்டு வாரம். ஆக, ஏறத்தாழ 8 பவுண்ட் பெறவேண்டிய வேலைக்கு 31 பவுண்ட் 10 ஷில்லிங் பேசப்பட்டிருந்தது. இவ்வளவு பெரிய தொகை, முழுதும் அல்லது ஒன்றுமில்லை என்ற பந்தயத்துக்கான விலை என்று நீதிபதிகள் கருதினார்கள். பந்தயத்தில் தோற்றவர் இறந்துபோனவர் என்பதுதான் அதைப் படிக்கும்போதெல்லாம் உறுத்துகிறது.

பழைய கடல் வழக்கம் இவ்வளவு இறுக்கமானது அன்று. அட்லாண்டிக் கரையில் வழங்கி இங்கிலாந்திலும் ஏற்கப்பட்ட ஒலெரோன் விதிகளின்படி, பணியில் நோயுற்ற மாலுமியைக் கரையிறக்கி, தங்க இடமும் கவனிக்க ஆளும் கொடுக்க வேண்டும். அவன் இறந்தால் அவனுக்குரிய கூலி மனைவிக்கோ நெருங்கிய உறவினருக்கோ போய்ச் சேர வேண்டும்.

கேவும் கூலியும் கட்டப்பட்டதன் உள்நோக்கத்தையும் பார்க்க வேண்டும். கப்பல் மூழ்கினால் கூலி போய்விடும் என்ற அச்சமே மாலுமியைக் கடைசி வரை நீர் இறைக்க வைக்கும் என்று வணிக உலகம் நம்பியது. அதனால் மாலுமி தன் கூலியைக் காப்பீடு செய்துகொள்ளவும் அனுமதி இல்லை. உரிமையாளர் கப்பலைக் காப்பீடு செய்யலாம், வணிகர் சரக்கைக் காப்பீடு செய்யலாம். மூழ்குகிற கப்பலில் நிற்கிறவன் மட்டும் கூடாது! 1791-இல் ஹாரிஸ் எதிர் வாட்சன் வழக்கிலும் இதே அச்சம்தான் பேசியது. ஆபத்து நேரத்தில் கூடுதலாக உழைத்தால் ஐந்து கினி தருகிறேன் என்று கேப்டன் சொன்ன சொல் செல்லாது என்று கென்யன் பிரபு தீர்ப்பளித்தார். செல்லும் என்றால், பணத்துக்காக மாலுமிகள் கப்பலை மூழ்கவிடத் துணிவார்களாம்.

விதி முழுக்கவும் விதிவிலக்கின்றி இருந்ததாகவும் எண்ண வேண்டாம். போகும் வழியில் ஒரு துறையில் சரக்கு இறக்கிக் கேவு ஈட்டியிருந்தால், திரும்பும் வழியில் கப்பல் மூழ்கினாலும் அந்தத் துறை வரைக்குமான கூலி உண்டு. 1681-இல் பிரான்சில் வந்த கடல் சட்டம், மூழ்கிய கப்பலின் மாலுமிக்குக் கூலி இல்லை என்றாலும் வாங்கிய முன்பணத்தைத் திருப்பித் தரத் தேவையில்லை என்றது. இங்கிலாந்தில் 1729-இல் வந்த சட்டம் சம்பளத்தை முன்கூட்டியே எழுதிக் கையெழுத்திட வேண்டும் என்று கட்டாயமாக்கியது. அதற்குமுன் வாய்ப்பேச்சுதான், மாதம் எத்தனை ஷில்லிங் என்று பேசியது என்பதற்கே சாட்சி தேட வேண்டியிருந்தது. தாய்-பிள்ளை உறவை ஒரேயடியாக அறுத்தது 1854-ஆம் ஆண்டின் வணிகக் கப்பல் சட்டம். அப்போதும் கப்பலையும் சரக்கையும் காக்க முழுமூச்சாக முயலவில்லை என்று நிரூபிக்கப்பட்டால் கூலி இல்லை என்ற ஒரு வாலை மட்டும் விட்டுவைத்தார்கள்.

கொற்கைவாசன்:

மிக்க நன்றி ஐயா. வாக்குமூலம் கொடுத்து, மாதக்கணக்கில் காத்திருந்து, கடைசியில் பிடித்தம் போகக் கிடைத்ததை வாங்கிக்கொண்டு போனார்கள் என்றே படித்துவருகிறேன். கூட்டாக எதிர்த்து நின்றதே இல்லையா?

பாய்மரக்கூத்தன்:

நின்றார்கள். 1768-இல் லண்டன் தேம்ஸ் ஆற்றில் சம்பள உயர்வு கேட்ட மாலுமிகள் கப்பல்களின் பாய்களை இறக்கி, ஒன்றையும் நகரவிடாமல் செய்தார்கள். பாயை இறக்குவதற்கான ஆங்கிலச் சொல்தான் ‘ஸ்ட்ரைக்’. நம் ஊர்த் தொழிற்சங்கக் கூட்டங்கள் வரை வந்து சேர்ந்த சொல் அது.

லிவர்பூலில் 1775 ஆகஸ்டில் நடந்தது இன்னும் கடுமையானது. அமெரிக்கக் குடியேற்றங்களின் கிளர்ச்சியால் வணிகம் படுத்து, துறையில் வேலையில்லாத மாலுமிகள் குவிந்திருந்த நேரம். ‘டெர்பி’ என்ற அடிமை வணிகக் கப்பலில் மாதம் 30 ஷில்லிங் என்று பேசி வேலை வாங்கிவிட்டு, 20 ஷில்லிங்தான் என்றார்கள். மாலுமிகள் கப்பலின் கயிறுகளை அறுத்துப் போட்டார்கள். சிலரைச் சிறையில் அடைத்ததும் கூட்டம் திரண்டு, சில நாட்களில் நகரின் வணிக மன்றக் கட்டடத்தின் மீது கப்பல் பீரங்கிகளையே திருப்பிச் சுட்டார்கள். அதே மாலுமிகள்தாம் ஆப்பிரிக்காவிலிருந்து மனிதர்களைச் சரக்காக ஏற்றி வந்தவர்கள் என்பதையும் மறக்கக் கூடாது. அவர்களுடைய ஏற்றுச் சீட்டில் நல்ல நிலையில் ஒப்படைக்க வேண்டிய ‘சரக்கு’ யார் என்று நினைத்துப் பார்த்தால், 30 ஷில்லிங்குக்காகப் பரிந்து பேசும் நாக்கு சற்றுத் தயங்குகிறது.

வழக்குக்கட்டு:

கொற்கைவாசன் தூத்துக்குடி என்றதால் இதைச் சேர்க்கிறேன். லண்டனின் இந்த ஏற்பாடு நம் கரைக்கும் வந்தது. இரண்டாம் சார்லஸ் 1683-இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கொடுத்த சாசனத்தின்படி 1686-இல் சென்னையில் ஓர் அட்மிரால்டி நீதிமன்றம் அமைந்தது. மறு ஆண்டே ஜான் பிக்ஸ் என்ற சட்டம் படித்த நீதிபதியை லண்டனிலிருந்து அனுப்பினார்கள். அதன் முதல் நோக்கம் மாலுமியின் கூலி அன்று. கம்பெனியின் தனியுரிமையை மீறி வணிகம் செய்த அத்துமீறிகளின் கப்பலையும் சரக்கையும் பறிமுதல் செய்வதற்கே அது வந்தது.

ஆவணப்பித்தன் சொன்ன கப்பலைப் பிடித்து நிறுத்தும் முறை மட்டும் இன்றுவரை உயிரோடு இருக்கிறது. 2017-ஆம் ஆண்டின் இந்திய அட்மிரால்டி சட்டத்தில், கப்பலின் மீதான கடல்சார் பற்றுரிமைகளின் (கப்பலிலிருந்தே கடனை வசூலிக்கும் உரிமைகளின்) வரிசையில் முதலிடம் கேப்டன், அதிகாரிகள், மாலுமிகள் ஆகியோரின் சம்பளத்துக்கே. சென்னை உயர் நீதிமன்றத்தில் அந்த மனுவைப் போடும்போது, முன்பு லண்டனில் வாசலில் நிறுத்தப்பட்ட கேப்டனும் இப்போது மாலுமிகளோடு அதே வரிசையில் நிற்கிறார்.